சாக்பீஸ் ஏறாத முகம்

"முகம் வரமாட்டேங்கு, டீச்சர்."

செண்பகவல்லி தாளை நீட்டினாள்.

எஸ்தர் டீச்சர் வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள்.

"யாரு இது?"

"சும்மா. ஒரு பொம்பளை."

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

அவள் பேச்சில் கஞ்சம். ரேஷன் கடை மண்ணெண்ணெய் மாதிரி வார்த்தையை அளந்துதான் ஊற்றுவாள் என்று வகுப்பில் சொல்லிக்கொள்வார்கள். ஊற்றியது போதவில்லை என்று யாரும் இதுவரை திரும்பிப் போய்ச் சண்டை போட்டதில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஓட்டம் நின்றுபோன ஒரு ரைஸ்மில்லை வாடகைக்குப் பிடித்து அவள் படம் வரையச் சொல்லிக்கொடுத்தாள். முன்பு நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் புதியவர்கள் சாக்பீஸால் கிறுக்குவார்கள். கை படிந்தவர்கள் உள்ளே, கூரைக்குக் கீழே, தாளில் கலர் சாக்பீஸும் ஆயில் பேஸ்டலும் கலந்து வரைவார்கள்.

டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். அதனால் என்ன, தாளைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நிற்கும்போது எல்லோருக்கும் உள்ளங்கை வேர்க்கத்தான் செய்தது.

செண்பகவல்லி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எதிலும் ஒரு சுத்தம், ஒரு கறார். அவள் வரைந்த வாழைத்தாரும் செம்பருத்தியும் மில்லின் சுவரில் தொங்கின. அவற்றில் ஒரு குறை சொல்ல முடியாது.

இந்த ஒரு முகம்தான் வரவில்லை.

சும்மா ஒரு பொம்பளை என்று அவள் சொன்னது பச்சைப் பொய். அந்த வயதில் யாரும் சும்மா ஒரு பொம்பளையைத் தாள் தாளாக வரைந்து கிழித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அது அவள் தங்கை மரகதம்.

மரகதம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கல்லிடைக்குறிச்சியில் இருந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, சில்லறை தேடி, டிக்கெட் வாங்குவதற்குள் அந்த ஊர் வந்துவிடும். அவ்வளவு பக்கம். ஆனால் அம்மா செத்த அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது.

அம்மா மரகதத்தின் வீட்டில்தான் இருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செண்பகவல்லிக்குச் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டியூட்டி உடுப்போடு ஓடி வந்தவள், உறவு முழுக்கக் கூடியிருந்த அந்த வீட்டில் வைத்து ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒரு போன் பண்ணியிருந்தா அம்மா பிழைச்சிருப்பா. நீதான் கொன்னுட்ட."

மரகதம் பதில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. இவளும் போனதில்லை. யார் முதலில் போவது என்கிற விஷயத்தில் அக்காவும் தங்கையும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

இப்போது மரகதத்தை அவள் மகள் நாக்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரேயடியாக. வருகிற வெள்ளிக்கிழமை ரயில். இது பூக்காரி கொண்டுவந்த சேதி. பூவை முழம் போட்டுக்கொண்டே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செண்பகவல்லிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போய் வாசலில் நிற்க வீம்பு விடவில்லை. போகாமல் இருக்கவும் மனசு விடவில்லை. ஆள்தான் இல்லை, முகமாவது தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

போட்டோ இல்லாமல் இல்லை. ஆனால் ஆல்பத்தில் இருந்தது கல்யாணப் பெண்ணாகத் தலை குனிந்து நிற்கிற மரகதம். இப்போதைய படம் வேண்டுமென்றால் நாக்பூர் மகளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் விஷயம் தாய்க்குப் போய்விடும். தங்கைக்குத் தெரியாமல் தங்கையை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள் செண்பகவல்லி. அதெல்லாம் நடக்கிற காரியமா.

மறுநாள் அதே தாளோடு மறுபடி போய் நின்றாள்.

"எதை முதல்ல போட்டீங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

"கறுப்பு ஆயில் பேஸ்டல்."

"ஏன்?"

"கோடு கலையக் கூடாதுல்லா டீச்சர்."

கோட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கண்குழி, மூக்கோரம், கன்னத்து நிழல் என்று எல்லா இடத்திலும் கறுப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தாள். அதன் மேல் தோல் நிறத்துக்காகச் சாக்பீஸைப் பூசியிருந்தாள்.

டீச்சர் தாளை வாங்கினாள். செங்குத்தாக நிறுத்தி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

முகம் அப்படியே உதிர்ந்து தரையில் விழுந்தது. தாளில் கறுப்பு மட்டும் மிஞ்சியது.

எண்ணெய்ப் பசையின் மேல் சாக்பீஸ் பிடிக்காது. இது முதல் வாரப் பாடம். முதலில் சாக்பீஸ், அதற்கு மேல்தான் ஆயில் பேஸ்டல் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே செண்பகவல்லிதான். வாழைத்தாரிலும் செம்பருத்தியிலும் செய்யாத தப்பை இந்த ஒரு முகத்தில் மட்டும் திரும்பத் திரும்பச் செய்தாள். செய்யும்போது அது தப்பு என்று தோன்றுவதே இல்லை. கை தானாகவே கறுப்பை எடுத்தது.

அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வேற தாள் எடுக்கட்டா?"

வேண்டாம் என்று டீச்சர் தலையை ஆட்டினாள். மேஜையைத் துழாவி ஒரு பிளேடையும், பாதி தேய்ந்த உப்புத்தாள் துண்டு ஒன்றையும் எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதையே சுரண்டுங்க."

"கிழிஞ்சிருமே."

டீச்சர் அடுத்தவரின் தாளைப் பார்க்கப் போய்விட்டாள். அளந்து ஊற்றியாகிவிட்டது.

செண்பகவல்லி வீட்டில் உட்கார்ந்து சுரண்டினாள். முதலில் கறுப்பு சுருள் சுருளாக எழும்பி வந்தது. அது சுலபம். அதற்குக் கீழே இருந்தது வரவில்லை. பிளேடை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்தாள். கன்னத்தில் தேய்த்தாள், கண்ணுக்குக் கீழே தேய்த்தாள். தாள் பஞ்சு பஞ்சாக மேலெழும்பியது. நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போனது.

கிழிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கிழிந்து தொலையட்டுமே என்றும் இருந்தது.

தேய்க்கத் தேய்க்க அழுகை வந்தது. எதற்கு அழுகிறோம் என்று தெரியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரியும்.

காலையில் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். மேலே இருந்த கறுப்பு போயிருந்தது. ஆனால் எண்ணெய் உள்ளே ஊறிப்போன இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை தங்கிவிட்டது.

"கறை போகலியே, டீச்சர்."

"போகாது."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஆட்களை அதட்டிப் பழகிய குரல் ஒரு நொடி எட்டிப் பார்த்தது.

"போகாதுன்னா என்னத்துக்குச் சுரண்டச் சொன்னீங்க?"

டீச்சர் ஒரு சாக்பீஸை எடுத்தாள். படத்தின் கன்னத்தில் ஒரே ஒரு கோடு இழுத்து விரலால் தேய்த்தாள். தாளை நிறுத்தி, முதுகில் தட்டினாள்.

ஒன்றும் உதிரவில்லை.

சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டாள்.

அன்று காலை முழுக்கச் செண்பகவல்லி தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. கறுப்பைத் தொடவே இல்லை. வெளிர் நிறத்துக்கு ஒரு விரல், நிழலுக்கு ஒரு விரல் என்று பிரித்துக்கொண்டு தேய்த்தாள். கறை கிடந்த இடத்தை மறைக்கப் பார்த்தாள், மறையவில்லை. விட்டுவிட்டாள். அது தானாகவே கண்ணுக்குக் கீழே பள்ளமாக நின்றது.

முகம் வந்தது.

அகலத் திறந்த கண்கள். ஏதோ ஒன்றைக் கேட்டு அப்படியே உறைந்துபோன வாய். கழுத்து நரம்பு தெரிந்தது. வகுப்பே எழுந்து வந்து சுற்றி நின்றது. பேச்சுக் கொடுத்தால் படம் திரும்பிப் பார்த்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செண்பகவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் கையைத் துடைத்தாள்.

"ஸ்ப்ரே அடிச்சுக் குடுத்திருங்க, டீச்சர். வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

சாக்பீஸ் படம் வெறும் தூள்தான். முந்தானை பட்டாலும் போச்சு, காற்றில் பலமாக ஆட்டினாலும் போச்சு. தூள் உதிராமல் பிடித்து வைக்க அதன் மேல் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள். அந்த டப்பாவை மட்டும் டீச்சர் யாரிடமும் கொடுப்பதில்லை. அடித்தால் நிறம் கொஞ்சம் மங்கும். அதற்கப்புறம் விரலால் தேய்த்து ஒன்றையும் மாற்ற முடியாது. அதனால் அவளே அடிப்பாள். அடிப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். எல்லோரும் காதில் வாங்காமலே தலையாட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரி அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

டீச்சர் படத்தைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு கடகடவென்றது.

"அடிச்ச பிறகு இந்த முகம் மாறாது. அடிக்கட்டா?"

அடிங்க என்று சொல்லத்தான் செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

படம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூடவே வளர்ந்த தங்கை. ஆற்றில் முங்கி எழுந்து தலையைச் சிலுப்பி இவள் மேல் தண்ணீர் தெறிக்கவிட்ட முகம் ஒன்று உண்டு. திருட்டு மாங்காயை வாயில் வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்த முகம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்றுக் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸக்கா நர்ஸக்கா என்று கிண்டல் செய்து சிரித்த முகம் ஒன்று உண்டு. அத்தனை முகத்தில் கை தேடிப்போய் எடுத்தது இதைத்தானா. இது அன்றைக்கு, அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நின்ற மரகதம்.

இதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி, காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்," என்றாள்.

வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதுவரை அந்தக் கேள்விக்கு யாரும் வேண்டாம் சொன்னதில்லை.

டீச்சர் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"இந்த அம்மாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"எங்கம்மா செத்தன்னைக்கு."

டீச்சர் கிளிப்பைக் கழற்றினாள். படத்தை ஒரு பலகையில் படுக்க வைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். பலகையைச் செண்பகவல்லியின் இரண்டு கையிலும் தாங்கலாக வைத்தாள். பிறகு போய் மில்லின் பெரிய இரும்புக் கேட்டைத் திறந்துவிட்டாள். எப்போதும் எல்லோரும் குனிந்து போய்வருகிற சின்னக் கதவு ஒன்று அதில் உண்டு. அது வழியாகப் பலகை போகாது.

வெளியே பஸ் ஸ்டாப் தெரிந்தது.

பஸ்ஸில் செண்பகவல்லிக்கு இடம் கிடைத்தது. பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் காற்று அடித்தது. படத்தின் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு கூடையைக் கொஞ்சம் இதன் மேல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தொட்டுராதீங்க, தூள் போயிரும் என்று செண்பகவல்லி பதறினாள்.

கண்டக்டர் அது ஏதோ சாமி படம் என்று நினைத்துவிட்டார். எந்தச் சாமிம்மா என்று பயபக்தியோடு கேட்டார்.

"என் தங்கச்சி."

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

பாலத்தில் பஸ் தூக்கிப் போட்டது. கொஞ்சம் தூள் உதிர்ந்து அவள் சேலையில் விழுந்தது. பார்த்தாள். முகம் இன்னும் இருந்தது. போய் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். மன்னிச்சிரு என்று ஆரம்பிக்கலாம். இல்லை, எப்ப ரயில் என்று சாதாரணமாகக் கேட்கலாம். எதுவும் முடிவாகவில்லை, இறங்கும் இடம் வந்துவிட்டது.

கதவு திறந்துதான் இருந்தது. கூடம் முழுக்க மூட்டை முடிச்சு. மரகதம் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நிழல் தட்டியதும் நிமிர்ந்தாள். தலை பஞ்சாக நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. வழியில் பார்த்திருந்தால் யாரோ என்று தாண்டிப் போயிருப்போம் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது.

"வா," என்றாள் மரகதம்.

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. செண்பகவல்லி பலகையை நீட்டினாள்.

மரகதம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணாடியைத் தள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சா?"

"நான்தான்."

"யாரை?"

"உன்னைத்தான். அன்னைக்கு நான் சொன்னப்போ நீ என்னைப் பாத்தல்லா. அந்தப் பார்வை. அது என் கண்ணை விட்டு இன்னும் போகல, மரகதம்."

மரகதம் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினாள்.

"அன்னைக்கு நீ என்னைப் பாக்கவே இல்லக்கா. அம்மா முகத்தைப் பாத்துட்டுல்லா அதைச் சொன்ன. நான்தான் உன்னைப் பாத்துட்டு நின்னேன்."

பலகையை அக்காவின் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இது நான் இல்ல. நீ. அன்னைக்கு நீ இப்பிடித்தான் இருந்த."

செண்பகவல்லி பார்த்தாள்.

கண்ணுக்குக் கீழே கறை. ஒரு வாரம் விடாமல் நைட் டியூட்டி பார்த்த கண். அந்த வாரம் முழுக்க, அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு போன் போட அவளுக்கும்தான் நேரம் இருக்கவில்லை.

ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் நான் பதில் சொல்லல," என்றாள் மரகதம். "அந்த மூஞ்சியைப் பாத்துட்டு என்னத்தச் சொல்ல."

"பிறகு ஏன் நீ வரவே இல்ல?"

"நீ வருவேன்னு இருந்தேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரம்தான். மரகதம்தான் முதலில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

பலகையைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்து வந்து, வாசல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இப்பப் பாரு," என்றாள்.